ஏரிக்கரையில் டென்ட் போடுகிறீர்களா?

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள பவுண்டரி வாட்டர்ஸ் போன்ற ஏரிக்காடுகளில் முகாமிடும் இடத்தில் ஓர் இரும்பு அடுப்பும் கூரையில்லாத கழிப்பிடமும்தான் இருக்கும். குழாய், கரண்ட் எதுவும் கிடையாது.

தண்ணீரை ஒட்டிய பள்ளமான புல்தரையில் டென்ட் அடிக்காதீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் ராத்திரி குளிர்காற்று அங்கேதான் இறங்கித் தங்கும். விடியும்போது டென்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து, படுக்கையெல்லாம் நசநசத்துவிடும். கரையிலிருந்து தள்ளி, கொஞ்சம் மேடான இடமாகப் பாருங்கள். குளிர்ந்தாலும் காற்றுத் திறப்புகளை மூட வேண்டாம். தலைக்கு மேலே பட்ட கிளை ஏதும் தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதும் அவசியம்.

அப்புறம், பாத்திரத்தை ஏரியில் கழுவாமல், சுமார் 60 மீட்டர் தள்ளிப் போய்க் கழுவுங்கள். குடிநீர் 1 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கட்டும்.