தவழும் பிள்ளையும் வீட்டுப் பூனையும்: பழக்கும் முறை

பிள்ளை துரத்தினால் பூனை ஓடும். பூனை ஓடினால் பிள்ளைக்கு இன்னும் குஷி. சில நாள் இப்படியே விட்டால், கொலுசுச் சத்தம் கேட்டதுமே பூனை பரணில் ஏறிக்கொள்ளும். அதன்பின் பழக்க மாதக்கணக்கில் ஆகும். எனவே பூனைதான் பிள்ளையிடம் வர வேண்டும், பிள்ளை பூனையைத் தேடிப் போகக் கூடாது. இந்த ஒரு விதியை வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. "பாரு பாரு, மியாவைப் பிடி" என்று ஏவிவிடும் தாத்தாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

முதலில் பூனைக்குத் தப்பிக்க இடம் வேண்டும். பிள்ளையின் கை எட்டாத நாலைந்தடி உயரத்தில் ஒரு அலமாரித் தட்டைக் காலி செய்து பழைய துண்டை விரியுங்கள். ஏற ஒரு வழி, இறங்க வேறு வழி இருந்தால் நல்லது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் பிள்ளையும் பின்னாலேயே தவழ்ந்து போகும். மூலையில் சிக்கிய பூனைதான் கீறும். சாப்பாட்டுத் தட்டை வாஷிங் மெஷின் மேல் வைக்கலாம். பூனை கழிவு போகும் மணல் தட்டு குளியலறையில் இருக்கட்டும். கதவைச் சங்கிலியால் நான்கு அங்குல இடைவெளி மட்டும் விட்டு மாட்டினால் பெரும்பாலான பூனைகள் நுழைந்துவிடும், பிள்ளை நுழையாது. கைக்குழந்தை தூங்கும் தூளியும் தொட்டிலும் பூனைக்கு ரொம்பப் பிடிக்கும். மேலே கொசுவலை போட்டால் மட்டும் போதாது, பூனை அதன் மேலேயே படுத்துவிடும். குழந்தை தனியாகத் தூங்கும்போது அந்த அறைக் கதவைச் சாத்தியே வையுங்கள்.

தொடப் பழக்குவது இப்படி. பூனை சாப்பிட்டு முடித்துச் சோம்பலாக இருக்கும் நேரம் பாருங்கள். பிள்ளையை மடியில் வைத்துத் தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து குனிந்தால் பூனைக்குப் பயம் வரும். பூனையின் மூக்கு உயரத்துக்குப் பிள்ளையின் ஒரு விரலை நீட்டவைத்து, ஆடாமல் காத்திருங்கள். மோந்து பார்த்துக் கன்னத்தால் உரசினால் அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். திரும்பிப் போனால் அன்றைக்கு அவ்வளவுதான், கூப்பிடக் கூடாது.

உரசிய பிறகு, உங்கள் கைக்குள் பிள்ளையின் கையை வைத்து, விரல்களின் பின்பக்கத்தால் கன்னம், தாடை, காதடி ஆகிய இடங்களைத் தடவுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக் கையை எடுத்துவிடுங்கள். பூனை மறுபடி முட்டினால் இன்னொரு மூன்று. இந்த நிறுத்தம்தான் முக்கியம். தடவல் நீண்டுபோனால் பூனை எரிச்சலில் கடித்துவிடலாம். வயிறு, வால், பாதம் மூன்றும் தொடக் கூடாத இடங்கள். பூனை மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினாலும் அது தடவச் சொல்லி அல்ல.

இரண்டு வயதுக்குள் பிள்ளைக்குப் பிடிக்கத் தெரியும், விடத் தெரியாது. முடியைக் கொத்தாகப் பிடித்துவிட்டால் கையை இழுக்காதீர்கள், பூனைக்கு வலி கூடும். ஒவ்வொரு விரலாகப் பிரியுங்கள். ஐந்தாறு வயது வரை பூனையைத் தூக்க விடவே கூடாது. முன்னங்கால்களைப் பிடித்துத் தொங்கவிடுவதுதான் அந்த வயதின் வழக்கம்.

பூனை முன்கூட்டியே சொல்லிவிடும். முதலில் வால் நுனி துடிக்கும், முதுகுத் தோல் சிலிர்க்கும், காது பக்கவாட்டில் திரும்பும். பிறகு காது தலையோடு ஒட்டும், கண்மணி விரியும், உறுமல் வரும். முதல் கட்டத்திலேயே பிள்ளையை விலக்குங்கள், பூனையை அல்ல. உறுமியதற்காகப் பூனையை அடித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

உறவு வேகமாக வளர்வது விளையாட்டில். இரண்டடி நீளக் குச்சியின் நுனியில் துணிக் கிழிசலைக் கட்டிப் பிள்ளை கையில் கொடுங்கள், தரையில் இழுக்கட்டும். குச்சியின் நீளம் நகத்துக்கும் விரலுக்கும் நடுவே இடைவெளி தருகிறது. ஐந்து பத்து நிமிடம் போதும். கடைசியில் பூனை துணியைப் பிடிக்கும்படி விட்டு, முள் எடுத்த வேகவைத்த மீன் துண்டு ஒன்றைப் பிள்ளையே கரண்டியில் வைக்கட்டும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். கயிறும் ரப்பர் பேண்டும் பூனை விழுங்கினால் குடலில் சிக்கும், எனவே முடிந்ததும் குச்சியை எடுத்து வைத்துவிடுங்கள். பிள்ளையின் காய்ச்சல் மருந்துப் பாட்டிலையும்தான்: பாராசிட்டமால் பூனைக்கு விஷம், "மியாவுக்கும் மருந்து" என்று ஊட்டிவிடும் பிள்ளைகள் உண்டு.

மணல் தட்டைத் தினமும் அள்ளிவிடுங்கள். டாக்ஸோபிளாஸ்மா கிருமி, கழிவில் ஒரு நாளாவது கிடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வருகிறது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். வளர்ந்த பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மருந்து, வருடா வருடம் ரேபிஸ் ஊசி. நாய்க்குப் போடும் உண்ணி மருந்தை மட்டும் பூனைக்குப் போடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தால் உயிரே போகலாம். பூனையின் உடம்பில் வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், பிள்ளைக்கும் ஒட்டும். மருத்துவரிடம் காட்டும்வரை இருவரையும் பிரித்து வையுங்கள். நகத்தின் கூர்நுனியை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெட்டலாம். உள்ளே ரோஜா நிறத்தில் தெரியும் சதையைத் தொடக் கூடாது.

கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். பூனைப் பல் மெல்லிய ஊசி, மேலே சிறு புள்ளிதான் தெரியும், கிருமி ஆழத்தில் இறங்கியிருக்கும். ஒரே நாளில் வீங்கிவிடும். வீட்டுப் பூனைதானே என்று விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறை என்றால் முதல் ஊசிக்குப் பின் 3, 7, 28-ஆம் நாட்களில் மறுபடி போக வேண்டும். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். பூனையைப் பத்து நாள் வீட்டிலேயே அடைத்து வைத்துக் கவனியுங்கள். அதன் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.