ஒளிர மறுத்த சூடோமோனாஸ்: என் அனுபவம்

சக்சினேட் ஊடகம் என்னும் வளர்ப்புக் கரைசலில் சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸ் என்ற பாக்டீரியா ஒரே இரவில் நன்கு கலங்கி வளர்ந்தபோதும், புற ஊதா விளக்கின்கீழ் தெரிய வேண்டிய பயோவெர்டின் நிறமியின் மஞ்சள்பச்சை ஒளிர்வு ஐந்து நாளாக வரவில்லை. புதிய வளர்ப்பிலிருந்து தொடங்கியும், பிஹெச் அளவைச் சரிபார்த்தும் பயனில்லை. இரும்பு மிகுந்தால் பாக்டீரியா இரும்பைக் கவ்வும் இந்த நிறமியைச் சுரக்காது என்பதால் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்தேன். அதுவோ பாக்டீரியாவின் வெளிச்சவ்வைத் தாங்கும் மக்னீசியம், கால்சியம் அயனிகளையும் பற்றிக்கொள்ள, வளர்ச்சியே நின்றுபோனது. மிஞ்சிய ஊடகத்தில் வளர்த்த பிளாஸ்டிக் குழாய் மட்டும் ஒளிர்ந்தபோதுதான் கண்ணாடிக் குடுவைகள்மீது சந்தேகம் வந்தது. அவற்றின் அடியில், வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டுமே தெரியும் பழுப்பு வளையமாக இரும்புக் கறை இருந்தது. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரவு முழுவதும் ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் ஆறுமுறை அலசியபின், அடுத்த வளர்ப்பு ஒளிர்ந்தது, பெருமூச்சு விட்டேன்.