வைக்கோல் புரியில் இன்கா பாலம் கட்டும் முறை

பெரு நாட்டில் அபுரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாசாக்கா என்றொரு பாலம் தொங்குகிறது. ஏறக்குறைய 28 மீட்டர் நீளம். வடங்கள் முழுவதும் புல். பழைய இன்கா பேரரசின் காலத்து முறையிலேயே நான்கு ஊர்க்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள். அதே மாதத்தில் நாம் மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம். பாபநாசம் பக்கத்தில் எங்கள் வாய்க்கால் காய்ந்து கிடக்கும் அந்த நாட்களில், பள்ளிப் பிள்ளைகளோடு நான் கட்டும் ஆறடிப் பாலத்தின் முறை இது.

இயந்திரம் அறுத்த வைக்கோல் உதவாது, நொறுங்கியிருக்கும். கையால் அறுத்த மாப்பிள்ளைச் சம்பா வைக்கோலைப் போரிலிருந்து உருவுங்கள்; அதன் நீளத்துக்கு ஈடில்லை. தண்ணீர் தெளித்து, துவளும்வரை கட்டையால் தட்டுங்கள். பெருவிலும் புல்லை நனைத்துக் கல்லால் தட்டியே பதப்படுத்துகிறார்கள்.

அடுத்தது புரி, அதாவது வைக்கோலை முறுக்கிய கயிறு. பாலத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். இரண்டு பிரி (சிறு வைக்கோல் கற்றை) எடுத்து ஒவ்வொன்றையும் வலப்பக்கமாக முறுக்கி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கம் சுற்றுங்கள். அவிழப் பார்க்கும் முறுக்கு இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். வைக்கோல் தாள் தீருமுன்பே புதுத் தாளைச் செருகுங்கள். இரண்டு பிரியும் ஒரே இடத்தில் தீர்ந்தால் அங்கேதான் அறும். இப்படி மூன்று புரிகளைச் சடையாகப் பின்னினால் ஒரு வடம். கெஸ்வாசாக்காவில் உள்ளதுபோல் அடியில் நான்கு, கைப்பிடிக்கு இரண்டு.

அவர்களுக்குக் கரையில் பாறை இருக்கிறது, நமக்கு வண்டல்தான். அதனால் சவுக்குக் கட்டைகளை வாய்க்காலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து ஆழமாக அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொரு முளை அடித்து இரண்டையும் கயிற்றால் பிணையுங்கள்.

வடத்தை விறைப்பாக இழுக்கத் தோன்றும், இழுக்காதீர்கள். தொய்வைப் பாதியாக்கினால் இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆறடிக்கு முக்கால் அடி தொய்வு போதும். அடி வடங்களின் மேல் மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கே கட்டி, கைப்பிடி வடத்தையும் அடி வடத்தையும் பக்கவாட்டில் புரியால் நெருக்கமாகப் பின்னிவிடுங்கள். ஆள் ஏற வேண்டாம். மணல் மூட்டையை வைத்துப் பாருங்கள்.

பழைய வடத்தை அடுத்த ஆண்டும் கட்டலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடாது. பெருந்தொற்றால் 2020இல் புதுப்பிக்காமல் விட்ட கெஸ்வாசாக்கா, 2021 மார்ச்சில் அறுந்து விழுந்தது. அந்த ஜூனிலேயே ஊரார் அதை மறுபடி கட்டினார்கள். தண்ணீர் வருமுன் வடத்தை அவிழ்த்து எருக்குழியில் போட்டுவிடுங்கள்.