புறக்கடையில் கோழி: கூண்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

சேலத்துக்குள் கோழி வளர்க்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது நாட்டுக்கோழியில் சின்ன ரகமான சிறுவிடையா, பெரிய ரகமான பெருவிடையா, எது நல்லது என்பதுதான். இரண்டு சென்ட், மூன்று சென்ட் இடத்தில் இரண்டு பக்கமும் சுவர் ஒட்டி நிற்கும் வீட்டில் அது இரண்டாவது கேள்வி. கூண்டு வைக்கப்போகிற மூலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று முதலில் எட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலா, கைக்குழந்தை தூங்கும் அறையா, துணி காயப்போடும் கொடியா? அதைப் பார்க்காமல் வைத்தால் எந்த ரகமானாலும் ஆறே மாதத்தில் விற்க வேண்டியதாகிவிடும். நான் முதல் தடவை வைத்தது பக்கத்து அக்கா வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே. அவர் ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்துக்கொண்டார், அப்புறம்தான் சொன்னார். அன்றைக்கே கூண்டை மாற்றினேன். அவர் சொல்லும்வரை அது அவருக்குத் தொல்லை என்று எனக்குத் தெரியவில்லை என்பது இன்றைக்கும் வருத்தம்தான்.

"கோழிதானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்பது பெரிய தவறு. 1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தில், உடல்நலத்துக்குக் கேடாகும் இடத்திலோ விதத்திலோ விலங்கு வளர்ப்பதும் தொல்லைதான், அதைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வரலாம். நீங்கள் எத்தனை கோழி வைத்திருக்கிறீர்கள் என்பதைவிட எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் பேச்சாகும், அந்தப் பேச்சு பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் புகாரில்தான் தொடங்கும். இதற்கு நேர் எதிராக, வீட்டிலிருந்து 500 மீட்டர் தள்ளித்தான் கோழி வைக்க வேண்டும் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. அது 5,000 கோழிகளுக்கு மேல் உள்ள பண்ணைகளுக்காக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்ன தூரம், உங்கள் ஆறு கோழிக்கு அல்ல. டீக்கடையில் கேட்டதை நம்பாமல் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று உங்களுடையது எந்த மாநகராட்சி மண்டலமோ அந்த அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் நேரில் போய்க் கேளுங்கள். ஏற்காடு என்றால் ஊராட்சி அலுவலகம். முட்டையோ கோழியோ விற்கப்போகிறீர்கள் என்றால் அதையும் சேர்த்தே சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் வியாபாரம் என்று வந்துவிட்டால் உரிமம் பற்றிய கேள்வியும் கூடவே வரும். வாடகை வீடா? வீட்டுக்காரரிடம் சொல்லாமல் ஒரு குஞ்சுகூட வாங்காதீர்கள்.

அடுத்தது சேவல். முட்டை வைக்கச் சேவல் வேண்டும் என்று இன்னமும் நிறையப் பேர் நம்புகிறார்கள். வேண்டாம். குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் சேவல், முட்டைக்குப் பெட்டைக்கோழிகள் மட்டும் போதும். விடியற்காலை நான்கு மணிக்குக் கூவ ஆரம்பிக்கும் சேவலை கிராமத்தில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் பொன்னம்மாபேட்டை மாதிரி நெருக்கமான தெருவில் நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படுத்தவருக்கு அது கொடுமை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை உள்ள அளவு 45 டெசிபல்தான், சேவலின் கூவல் அதை எளிதாகத் தாண்டிவிடும்.

சேவல் வீட்டுக்குள் வருகிற வழி பல நேரம் கலர் கோழிக்குஞ்சுதான். பச்சை, ரோஸ் என்று சாயம் ஏற்றி, அட்டைப்பெட்டியில் வைத்துத் தெருவில் விற்கிறார்களே, அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் வேண்டாம் என்று கழித்த ஆண் குஞ்சுகள். பிள்ளை அழுகிறது என்று இரண்டு வாங்கிவிடுகிறோம். முதல் வாரம் அவற்றுக்கு 35 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும், பல்பு கூடப் போடாமல் செருப்புப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும், பிள்ளை மறுபடி அழும். தப்பிப் பிழைத்தால் நான்கைந்து மாதத்தில் கூவும். பிள்ளைக்காக வாங்குவதாக இருந்தால் இரண்டு மாதம் தாண்டிய நாட்டுப் பெட்டைக்குஞ்சாகப் பார்த்து வாங்கிக்கொடுங்கள், அதை வளர்ப்பதில் பிள்ளைக்கும் நிஜமாகவே ஒரு பங்கு இருக்கும்.

கோழி நாறும் என்பார்கள். நாறுவது ஈரமான எச்சம். அடியில் தேங்காய் நார்த்தூளோ நெல் உமியோ கடலைத் தோலோ இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, இரண்டு நாளுக்கு ஒரு தடவை கிளறிவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி நனைந்ததை மட்டும் அன்றன்றே எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். வளர்ந்த கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடியாவது கொடுங்கள், நெருக்கினால் எவ்வளவு கிளறினாலும் ஈரம் நிற்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவி சாக்கடையில் தள்ளுவதுதான் நிறையப் பேர் செய்வது, செய்யவே கூடாதது. அள்ளி மூடி மட்க வையுங்கள், பச்சையாகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், கொசுப்புழு தேடி வீடு வீடாக வருகிறவர்கள் செடித்தொட்டியோடு கோழிக் கிண்ணத்தையும் பார்ப்பார்கள். மீந்த சோற்றைக் கொட்டி வைத்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

மொட்டைமாடியில் கூண்டு வைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே தளமும் சேர்ந்து கொதிக்கும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், அதுவும் முடியாமல் போனால் மத்தியானத்துக்குள் விழுந்துவிடும். கூரைமேல் தென்னங்கீற்று போட்டு, பக்கத்தில் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, ஒரு நாளில் மூன்று தடவை தண்ணீர் மாற்ற முடியாது என்றால் மாடி வேண்டாம்.

ஏற்காட்டில் பிரச்சினை தலைகீழ். சுமார் 1,500 மீட்டர் உயரம், டிசம்பர் குளிர், பனிமூட்டம். கீழே சேலத்தில் இரண்டு மூன்று அங்குலம் போதுமான உமி அங்கே நான்கைந்து அங்குலம் வேண்டும், ஈரமாகவே கிடந்தால் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வரும். மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்தால் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், காய்ந்தாலும் நஞ்சு போகாது. இன்னொன்று, காபித் தோட்டத்து மரநாயும் கீரியும். அறுகோணக் கோழிவலையைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கி, காலையில் வெறும் இறகைப் பார்த்து அழுதவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) போடுங்கள், அடியில் ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள். கோபத்தில் விஷம் வைக்கவே வைக்காதீர்கள், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டுக்கோழி முட்டையை எடுத்துவந்து வீட்டுக் கோழிக்கு அடை வைப்பதும் அப்படித்தான்.

கொங்கணாபுரம் சந்தையில் வாங்கியதை அன்றைக்கே பழைய கோழிகளோடு விடுவதால் கூட்டமே போன வீடுகள் உண்டு. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) அப்படித்தான் வரும், வந்தபின் மருந்து கிடையாது. புதுசை மூன்று வாரம் தனியாக வையுங்கள். அது வராமல் தடுக்கக் குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கையடியில் ஊசி. கால்நடை மருந்தகங்கள் வழியாகப் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கும், அதை விடாதீர்கள். சீக்காக இருக்கும் கோழிக்கு ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள், நன்றாக இருப்பதற்குத்தான் அது. செத்த கோழியைக் குப்பைத்தொட்டியில் போடாமல், ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று விழுந்தால் புதைப்பதற்கு முன்பே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மூன்று நாள் தீனியை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் பூட்டுகிறார்கள். கோழி அதைக் கிளறி எச்சத்தோடு கலந்துவிடும், தண்ணீர் முதல் நாளே கவிழ்ந்துவிடும். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, காலையில் திறந்துவிட்டு சாயங்காலம் அடைக்கச் சொல்லுங்கள், அந்த மூன்று நாள் முட்டை அவர்களுக்கு. நான் ஊருக்குப் போனால் இப்போது திறந்துவிடுவது அந்த அக்காதான்.