மூலிகை வைத்தியம் கற்க வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

பாலக்கோட்டில் உள்ள என் கிளினிக்குக்கு மருந்துக்காக இல்லாமல் யோசனை கேட்டு வருபவர்களும் உண்டு. "பையனுக்குச் செடி கொடின்னா உயிர் சார். இவன் தாத்தாவே வைத்தியர்தான், அவர் எழுதி வச்ச நோட்டு வீட்டுல இருக்கு. ஆறு மாச கோர்ஸ் ஒண்ணு இருக்காமே, சேத்து விட்டுடலாமா?" பெரும்பாலும் அம்மாதான் பேசுவார். பையன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆறு மாதச் சான்றிதழை மாட்டிவைத்துக்கொண்டு நோயாளியைப் பார்க்க முடியாது. பரம்பரை வைத்தியராகவே இருந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று கேரள வைத்தியர்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. நமக்கு உள்ள வழி சித்த மருத்துவப் பட்டப்படிப்பான பி.எஸ்.எம்.எஸ். நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் மருத்துவமனைப் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும், நீட்டும் எழுத வேண்டும். அரசுக் கல்லூரிகள் பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் இருக்கின்றன. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் மேற்படிப்புக்கானது. பள்ளி முடித்த கையோடு அங்கே போய் நிற்பதில் பயனில்லை.

சரி, இதெல்லாம் நாலு பேரை விசாரித்தால் தெரிந்துவிடும். கல்லூரிக்குள் போன பிறகு செய்கிற தவறுகள்தான் வெளியே தெரியாதவை. நான் செய்ததையே முதலில் சொல்கிறேன்.

இரண்டாம் வருடம், மருந்துப் பொருள்களின் குணங்களைப் படிக்கும் குணபாட வகுப்புக்கு ஆளுக்கொரு சரக்கு, அதாவது மூலிகைப் பொருள், கொண்டுவரச் சொன்னார்கள். ஊருக்கு வந்தவன் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு சந்தையில் நன்னாரி என்று கேட்டு ஒரு கட்டு வாங்கிப் போனேன். முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினேன், கமகமவென்று இருந்தது. ஆசிரியர் ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பார்த்துவிட்டு, "இது ஊறுகாய் போடுற கிழங்குய்யா" என்றார். வகுப்பே சிரித்தது. நான் வாங்கி வந்தது மாகாளிக்கிழங்கு. இரண்டுக்கும் வாசனை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் நன்னாரி வேர் கம்பிபோல மெலிந்து கருஞ்சிவப்பாக இருக்கும். மாகாளி விரல் தடிமனில் சதைப்பற்றாக இருக்கும். நன்னாரியின் இலை குறுகி நீண்டிருக்கும், நடுநரம்பை ஒட்டி வெள்ளைக் கீற்று ஓடும். மாகாளியின் இலை அகலம்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல், மொழி. ஓசூர், அஞ்செட்டி வட்டாரத்தில் அதே நன்னாரியைக் கன்னடம் பேசுபவர் சொகதே பேரு என்பார், தெலுங்கு பேசுபவர் சுகந்திபாலா என்பார். அதனால்தான் தாவரவியல் பெயரை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ் என்றால் எந்த ஊரிலும் நன்னாரி மட்டும்தான். கீழாநெல்லியோடு மேலாநெல்லி கலந்து வருவதும், சீந்திலுக்குப் பதில் அதன் உறவுக்காரக் கொடி வந்து சேர்வதும் இதே கதைதான். கடைக்காரர் சொன்ன பெயரை நம்பாதீர்கள். வேர், பட்டை, இலை, பூ என்று நான்கையும் கையில் வைத்துப் பாருங்கள். காட்டில் போய்ப் பார்க்கிறேன் என்றால் வனத்துறை அனுமதியோடு போங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் காவிரிக் கரைக் காடுகளில் பெரும்பகுதி இப்போது சரணாலயம்.

அடுத்தது, ஒரு நோய்க்கு ஒரு செடி என்று மனதில் பதியவைத்துக்கொள்வது. காமாலை என்றதும் கீழாநெல்லி. ஆனால் கண் மஞ்சளாவது ஓர் அடையாளம்தானே? வைரஸால் கல்லீரல் வீங்கியிருக்கலாம், பித்தக்குழாயைக் கல் அடைத்திருக்கலாம், குடியால் கெட்டிருக்கலாம். மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரித்து, வயிற்றின் வலப்பக்கம் வலியோடு வருபவருக்குத் தழையை அரைத்துக் கொடுத்து உட்காரவைத்தால் நாள்தான் வீணாகும். அவருக்கு முதலில் ஸ்கேன். சித்த மருத்துவத்தில் நோயை அறியும் எண்வகைத் தேர்வில் நாடியோடு நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம், தொடுஉணர்வு எல்லாம் இருக்கின்றன. வருகிற மாணவர்களோ நாடியை மட்டும் முதல் மாதமே கற்றுக்கொடுங்கள் என்று கையை நீட்டுகிறார்கள். பாம்புக்கடியில் எதையும் யோசிக்காதீர்கள். விஷமுறிவு ஊசி இருக்கிற அரசு மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டியதுதான்.

இயற்கை மருந்து, பக்கவிளைவு கிடையாது என்ற பேச்சைப் படிக்கும்போதே விட்டுவிடுங்கள். இருமலுக்கு அதிமதுரம் நல்ல சரக்கு. அதையே ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் நாள் கணக்கில் மென்றால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். "சுகருக்கு, பிரஷருக்கு?" என்று தனித்தனியாகக் கேட்டால்தான் மஞ்சப்பையிலிருந்து சீட்டு வெளியே வரும். கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடும் மாணவனிடம்தான் எனக்குக் கோபம் வரும்.

மருந்து செய்வதிலும் அவசரம். நிலவேம்பை மட்டும் கொதிக்கவைத்தால் அது நிலவேம்புக் குடிநீர் ஆகாது. வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்ந்து ஒன்பது சரக்கு. காய்ச்சிய குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்துக்கு, அதாவது இடித்த பொடிக்கு, மூன்று மாதம். காலையில் காய்ச்சியதை பிளாஸ்கில் ஊற்றி ராத்திரி கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்தத் தாத்தா நோட்டு. போன மாதம் ஒரு பையன் நிஜமாகவே எடுத்து வந்தான். அட்டை போன நாற்பது பக்க நோட்டு, அழகான கையெழுத்து. ஒரு பேதி மருந்துக்கு "வாளம் சுத்தி செய்து வராகன் எடை" என்று இருந்தது. வராகன் எடை எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு ஸ்பூன் இருக்குமா சார்?" என்றான். 4.2 கிராம். வாளம் என்பது கடுமையாகப் பேதியாக்கும் நேர்வாள விதை. தப்பாக அளந்தால் என்ன ஆகும் என்று அதன் வேகத்தைச் சொன்னதும் போனைப் பைக்குள் வைத்தான். விதையின் நஞ்சை நீக்கும் அந்தச் சுத்தியைத் தாத்தா எப்படிச் செய்வார் என்றேன். நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எங்கேயும் எழுதவில்லை. அது தாத்தாவின் கைப்பழக்கம், எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

"பாட்டிக்குத் தெரியுமா?" என்றேன்.

"கூட இருந்து இடிச்சதே அவங்கதான் சார்."

நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போகச் சொல்லி அனுப்பினேன். நீட் விண்ணப்பம் அதற்கப்புறம்.