நாய்க்குட்டி வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதை நிறுத்திய விதம்

எங்கள் நாய்க்குட்டி சோபாவுக்குப் பின்னால் ஒரே மூலையில்தான் திரும்பத் திரும்பச் சிறுநீர் கழித்தது. எவ்வளவு துடைத்தாலும், தரையை முகர்ந்தபடி அங்கேயே போய்க் குந்தியது. நமக்குத் தெரியாத வாடை அதற்குத் தெரிகிறது. அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் இன்னும் மோசம். சிறுநீரின் வாடையும் கிட்டத்தட்ட அதுதான். வாடைக்குக் காரணமானதைச் சிதைக்கும் நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தை ஊற்றி, நன்றாக ஊறவிட்டுத் துடைத்த பிறகே குட்டி அந்த மூலையை மறந்தது.

மற்றதெல்லாம் நேரக் கணக்கு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சற்று நேரத்திலும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போனேன். மூன்று மாதக் குட்டியால் 3, 4 மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. துள்ளி விளையாடும் வேளையில் அதுவும் முடியாது. ஆட்டத்தைச் சட்டென்று விட்டுவிட்டு வட்டமடித்து மோப்பம் பிடித்தால், அந்த நொடியே தூக்கிவிட வேண்டும்.

தின்பண்டத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். கழித்து முடித்த கையோடு அங்கேயே கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று குட்டி எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் கழித்துவிட்டால் அடிப்பதும், மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பதும் கூடவே கூடாது. பயந்த குட்டி நம் கண்ணில் படாத இடமாகத் தேடிப் போய்க் கழிக்கத் தொடங்கிவிடும்.