பழைய ஐரோப்பியக் காசு கையில் கிடைத்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கையில் துட்டு இல்லை" என்று சொல்லும்போது நாம் ஒரு டச்சுக் காசின் பெயரைத்தான் சொல்கிறோம். டூயிட் என்ற சின்னச் செப்புக்காசு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு நம் கடற்கரைக்கும் இலங்கைக்கும் வந்து, நம் வாயில் துட்டாகிவிட்டது. ஒரு பக்கம் வி என்ற எழுத்து. அதன் இடக்கையில் ஓ, வலக்கையில் சி கோத்திருக்கும். மூன்றும் கம்பெனியின் டச்சுப் பெயரின் ரோமன் முதலெழுத்துகள். கீழே ஆண்டு. தூத்துக்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் இதை வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி வில்லை என்றே பல வருடம் நம்பிப் பத்திரப்படுத்தியிருந்தார். வ.உ.சி. பிறந்தது 1872இல். டச்சுக் கம்பெனி 1799 முடிவிலேயே கலைக்கப்பட்டுவிட்டது.

தெரிந்த எழுத்து ஒன்று கண்ணில் பட்டவுடன் முடிவுக்கு வந்துவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் இந்த அவசரத்தில்தான் பிறக்கின்றன.

துட்டையே எடுத்துக்கொள்வோம். கம்பெனி முத்திரையைப் பார்த்ததும் பலர் காசைப் பைக்குள் போட்டுவிடுவார்கள். அடையாளம் இருப்பதோ மறுபக்கத்தில். முடி சூடிய கேடயத்துக்குள் ஒரு சிங்கம் நிமிர்ந்து நின்றால் அது ஹாலந்து மாகாணம் அடித்தது. சிங்கம் அலைகளுக்குள்ளிருந்து பாதி உடம்போடு எழுந்து வந்தால் சீலாந்து. இரண்டு சிங்கங்கள் மேலும் கீழுமாக நடந்தால் மேற்கு ஃபிரீஸ்லாந்து. கேடயத்தை இரண்டு பக்கமும் சிங்கங்கள் தாங்கிப் பிடித்தால் உட்ரெக்ட். ஒரே கம்பெனி, ஒரே மதிப்பு. ஆனால் சேகரிப்பவருக்கு இவை வெவ்வேறு காசுகள். கம்பெனி முத்திரைக்கு மேலே ஓர் எழுத்து இருந்து, காசும் தடிப்பாக, ஒழுங்கற்ற வடிவில் இருந்தால் அது இலங்கையிலேயே அடித்த ஸ்டைவர் என்ற டச்சுக் காசாக இருக்கலாம். சி என்றால் கொழும்பு, ஜி காலி, டி திருகோணமலை, ஐ யாழ்ப்பாணம்.

அடுத்தது ஆண்டு. காசில் இருக்கும் ஆண்டுதான் காசு பிறந்த ஆண்டு என்று நினைப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகப் பணத்தை விழுங்கிய தவறு. 1790 என்று போட்ட உட்ரெக்ட் துட்டுகளை 1840களில் ஜாவாவில் மறுபடி அடித்தார்கள். கம்பெனி போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இதைவிடப் பெரிய உதாரணம் மரியா தெரேசா தாலர். ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசா 1780 நவம்பரில் இறந்தார். செங்கடல் வணிகர்கள், குறிப்பாக அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும், அவர் முகம் போட்ட வெள்ளிக்காசைத் தவிர வேறெதையும் நம்பவில்லை. அதனால் 1780 என்ற ஆண்டை மாற்றாமலே அடித்துக்கொண்டு போனார்கள். வியன்னா, பிராக், மிலான், வெனிஸ் மட்டுமல்ல. 20ஆம் நூற்றாண்டில் ரோம், லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், பர்மிங்ஹாம், இரண்டாம் உலகப் போரின்போது நம் பம்பாய் நாணயச்சாலையிலும் அதே 1780தான். "இருநூற்று நாற்பது வருடப் பழைய வெள்ளி" என்று விலை சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். மார்பு ஊசியில் உள்ள முத்துகளின் எண்ணிக்கை, கழுகின் வால் இறகுகள், ஆண்டுக்குப் பின்னால் வரும் பெருக்கல் குறி போன்ற நுணுக்கங்களை லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் எந்த நாணயச்சாலை, எந்தக் காலம் என்று பிரிக்கிறார்கள். முகத்துக்குக் கீழே உள்ள எஸ்.எஃப். என்ற எழுத்துகள் இன்று ஜெர்மனியில் உள்ள குன்ஸ்பர்க் நாணயச்சாலை அதிகாரிகள் இருவருடையவை. ஆனால் அவையும் மற்ற நாணயச்சாலைகளிலும் அப்படியே நகலெடுக்கப்பட்டதால், அதை மட்டும் வைத்துக் குன்ஸ்பர்க் என்று சொல்லிவிட முடியாது.

பிரெஞ்சுக் காசில் 'ஆன் 12' என்று இருந்தால் வேறு குழப்பம். அது புரட்சிக் காலத்து நாட்காட்டி, 1803-04ஐக் குறிக்கும்.

சரி, எழுத்துக்கு வருவோம். ஐரோப்பியக் காசுகளில் பாதி லத்தீனில் பேசும், மீதி தன் சொந்த மொழியில் பேசும். ஹெல்வெடியா என்றால் சுவிட்சர்லாந்து, மாஜ்யர் என்றால் ஹங்கேரி, சுவோமி என்றால் பின்லாந்து. லத்தீனில் யு இருக்க வேண்டிய இடத்தில் வி இருக்கும். 'டி.ஜி.' என்பது 'கடவுளின் அருளால்'. அது நாட்டின் பெயரும் அல்ல, மன்னரின் பெயரும் அல்ல. நம்மவர்களை அதிகம் ஏமாற்றுவது 'இண்ட்' என்ற சுருக்கம். ஸ்பெயினின் எட்டு ரியால் வெள்ளிக்காசில் 'ஹிஸ்பான் எட் இண்ட் ரெக்ஸ்' என்று இருக்கும். அதைப் பார்த்து "இந்தியாவுக்காக அடித்தது" என்பார்கள். அங்கே இண்ட் என்பது அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பெயின் பிடித்த நாடுகள். அந்தக் காசுகளில் ஏராளமானவை ஐரோப்பாவிலேயே அடித்தவை அல்ல; எம் எழுத்தின் தலையில் குட்டி ஓ இருந்தால் மெக்சிகோ நகரம். பிரிட்டிஷ் காசில் வரும் 'இண்ட் இம்ப்' மட்டும்தான் 'இந்தியப் பேரரசர்'.

பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் கேடயம் போட்ட கினி என்ற தங்கக்காசு என்று வரும் மஞ்சள் வில்லைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேடயத்தைச் சுற்றி ஆங்கிலத்தில் 'பழைய நல்ல நாட்களின் நினைவாக' என்று எழுதியிருந்தால் அது சீட்டாட்டத்துக்கு அடித்த பித்தளை. உண்மையான கினியில் ஆங்கில வாக்கியமே இருக்காது. எடை கிட்டத்தட்ட 8.4 கிராம் இருக்கும்.

எடை என்றதும் ஒன்று. எழுத்தைப் படிப்பதற்கு முன்பே எடை, விட்டம், விளிம்பு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நகை எடைபோடும் சின்ன மின்தராசு போதும். மரியா தெரேசா தாலர் என்றால் 28.07 கிராம், விட்டம் 4 செ.மீ. அளவு. அதன் விளிம்பில் 'நீதியும் கருணையும்' என்ற லத்தீன் வாசகம் மேடாக ஓடும். விளிம்பு வழவழவென்று இருந்தாலோ, சுற்றிலும் ஒட்டுப்போட்ட கோடு தெரிந்தாலோ வார்ப்புப் போலி என்று சந்தேகப்படுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. அப்புறம், யாரிடமாவது படம் அனுப்பிக் கேட்டால் இரண்டு பக்கத்தோடு விளிம்பையும் இந்த எண்களையும் சேர்த்தே அனுப்புங்கள். வெறும் முகத்தைப் பார்த்து நேர்மையான சேகரிப்பாளர் எவரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்.

கடைசியாக, புளி. குத்துவிளக்கைத் துலக்குகிற கைதானே நமக்கு. நான் முதன்முதலில் வாங்கிய சீலாந்துத் துட்டைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். இரண்டு நிமிடத்தில் புதுச்செம்பு நிறம் வந்தது. காய்ந்தபின் லென்ஸில் பார்த்தேன்: சிங்கத்தின் பிடரியிலும் அலைகளின் மேலும் நெருக்கமாகக் கீறல்கள். முந்நூறு வருடம் மெல்லப் படிந்த பழுப்பு நிறம் அந்தச் செம்பின் தோல். அதை உரித்த பிறகு திரும்ப வரவில்லை. பாதி விலைக்கும் அதை எவரும் கேட்கவில்லை. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல், மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். அதற்கும் போகாத மண்ணை அப்படியே விட்டுவிட்டு, எடையும் விட்டமும் எழுதிய காகித உறையில் காசைப் போட்டு வையுங்கள். பிவிசி உறை வேண்டாம், கொஞ்ச நாளில் செம்பின் மேல் பச்சைப் பிசுக்கு ஏறிவிடும்.